வீட்டிலிருந்த ஒரே நாற்காலி

எங்கள் வீட்டில் நாற்காலி ஒன்றுதான் இருந்தது. வருகிறவர்களுக்கென்று வாங்கியது. என் எட்டு வயது வரை அதில் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மலாயா சுதந்திரம் பெற்ற இரண்டாம் ஆண்டு அது. அப்பா அரசாங்க அலுவலகம் ஒன்றில் பியூனாக இருந்தார். முதல் ஓராண்டில் விண்ணப்பித்தவர்களிடம் மலாய் தெரியுமா என்று கேளாமலே குடியுரிமைப் பத்திரம் கொடுத்தார்கள். அப்பா விண்ணப்பிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டால் ஊரிலிருக்கும் தம் தாயைப் பார்க்கப் போக முடியாதென்று யாரோ சொன்னதை நம்பிவிட்டார். அந்தக் கெடு முடிந்த பிறகுதான், பத்திரம் இல்லாதவர்களை வேலையிலிருந்து நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு அலுவலகத்தில் பரவியது. உடன் வேலை செய்த மாமா ஒருவர் வீட்டு வாசலிலேயே கேட்டார்: "ஊருல நெலம் இருக்குன்னு பெருமை பேசுனியே. போய் ஏரைப் புடிலா."

அப்பா சிரித்தார். அன்று சோற்றில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

இனி விண்ணப்பித்தால் அதிகாரி கேட்கும் கேள்விகளுக்கு மலாயில் பதில் சொல்ல வேண்டும். மீன் வாங்கவும் பேரம் பேசவும் போதுமான மலாய் அப்பாவிடம் இருந்தது. ஆனால் அதிகாரியிடம் பேசும் மலாயை யாரிடமாவது கற்க அவருக்குக் கூச்சம். நாங்கள் குடியிருந்த காஜா பெராங்கின் செட்டிக் குடும்பத்துப் பிள்ளைகள் எங்களைப் போலவே கோயிலுக்குப் போவார்கள். ஆனால் தலைமுறைகளாக வீட்டிலும் மலாயே பேசியதால் தமிழ் அறியமாட்டார்கள். அவர்களோடு விளையாடியே எனக்கு மலாய் வந்திருந்தது. ஆகவே எட்டு வயதில் நான் அதிகாரியானேன்.

மாலைதோறும் நாற்காலியில் நான் அமர்வேன். அப்பா எதிரே கைகட்டி நிற்பார். எங்கே குடியிருக்கிறாய் என்று மலாயில் கேட்பேன். "சயா திங்கால் டி காஜா பெராங்" என்பார். தடுமாறினால் சிலேட்டில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டு அவர் முகத்துக்கு நேரே காட்டுவேன். "டீச்சர் ரொம்பக் கண்டிப்பு" என்று அம்மாவிடம் சொல்லுவார். ஒரு மாதத்தில் ஒரு பிழையும் இல்லாமல் தேறிவிட்டார்.

கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையில் அவர் புறப்பட்டுப் போனதும் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சென்று என் மாணவர் தேர்வுக்குப் போயிருப்பதாக அறிவித்தேன். நண்பகலில் திரும்பி வந்தார். மூன்று மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார்களாம்.

அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவராகவே மெல்லச் சொன்னார்: "நல்ல மனுசன்தான். உக்காருன்னு நாற்காலியக் காட்டினாரு. பதினாலு வருசமா ஆபிசர் முன்னால நின்னுதான் பழக்கம். உக்காந்ததும் ஒரு வார்த்தை வரல."

அது வெறும் சாக்கு என்று நான் நினைத்தேன். என் பெயரைக் கெடுத்துவிட்டாரே என்ற கோபம் எனக்கு. மாலையில் வழக்கம்போல் நாற்காலியில் ஏறி அமர்ந்தேன். அப்பா அருகே வந்து, "இன்னிக்கு நான் உக்காந்து சொல்லட்டுமா, டீச்சர்?" என்று கேட்டார்.

"ஆபிசருதான் உக்காருவாரு. நீங்க நில்லுங்க" என்றேன்.

அப்பா பழையபடி கைகட்டி நின்றார். ஒரு கேள்வியும் தப்பவில்லை. அடுப்படியிலிருந்து வந்த அம்மா என் தோளைப் பற்றி, "எந்திரி" என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். "நீங்க உக்காருங்க."

அப்பா நாற்காலியின் விளிம்பில், யாராவது வந்து கேட்டால் உடனே எழுந்துவிடப் போகிறவர்போல் அமர்ந்தார். முதல் கேள்விக்கே வாய் திறந்து, அப்படியே மூடிக்கொண்டார். அம்மா அவர் பின்னால் போய் நின்றாள். "மறுபடி கேளுடி" என்றாள்.

மூன்று மாதம் அப்படித்தான் நடந்தது. நாளுக்கு நாள் அப்பா சற்றுச் சற்றாகப் பின்னுக்கு நகர்ந்து, கடைசியில் முதுகு சாய்த்து உட்கார்ந்தார். பத்திரம் கிடைத்தது, வேலையும் போகவில்லை. நானோ அத்தனை நாளும் சிலேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடி, என் இடத்தை எடுத்துக்கொண்டார்களே என்று மட்டும் வருந்திக்கொண்டிருந்தேன்.