சக்கரம் இல்லாமல் ஏழு கிலோமீட்டர்

இது நடந்தது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை. நான் லிஃப்ட் மெக்கானிக். இருட்டுக் குழிக்குள் கயிற்றுக்கும் சுவருக்கும் நடுவே நின்றே பாதி ஆயுளைக் கழித்தவன். யாராவது பேய் என்று ஆரம்பித்தால் முதலில் சிரிக்கிறவன் நான்தான். இப்போது சிரிப்பதில்லை.

அந்த வாரம் என் மகள் மருத்துவமனையில் கிடந்தாள். எட்டு வயது. இதய வால்வில் கோளாறு. இனி ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்னிடம் விற்பதற்கு இருந்தது ஒன்றே ஒன்று. ஷெட்டில் உறை போட்டு நின்ற அண்ணனின் கார். ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார், சிவப்பு, இரண்டே கதவு, முப்பது வருஷத்துக்கு முந்தையது. இன்று அந்த மாடல் கிடைப்பது குதிரைக் கொம்பு. அதிலும் இது பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாதது.

வாங்க முன்வந்தவர் பழைய கார்களைச் சேர்க்கிறவர். ஓட்ட மாட்டார். நடுக்கூடத்தில் நிறுத்திப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். போனில் கறாராகப் பேசினார்.

"மீட்டர் நாலு இலக்கத்துலதான் இருக்கணும் சார். பத்தாயிரத்தைத் தொட்டுட்டா அது எனக்கு வேற வண்டி. வேண்டாம். அப்புறம், இவ்வளவு கம்மியா ஏன் ஓடுச்சு? அதுக்கும் நம்புற மாதிரி ஒரு காரணம் வேணும்."

காரணம் இருந்தது. அண்ணன் அந்தக் காரை மழையில் எடுக்க மாட்டார். ஒரு மாலை அண்ணிக்கு நெஞ்சு வலி. வெளியே அடைமழை. கார் நனைந்துவிடுமே என்று... ஆமாம், அதற்காகத்தான்... ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டுக் காத்திருந்தார். மருத்துவமனை ஏழே கிலோமீட்டர். என் மகள் கிடந்ததும் அதே மருத்துவமனைதான். ஆம்புலன்ஸ் வந்தபோது அண்ணி இல்லை. அதற்குப் பிறகு அவர் காரை வெளியே எடுக்கவே இல்லை. தினமும் பொழுது சாய்ந்ததும் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் ஸ்டியரிங்கில் தலை சாய்த்தபடியே போய்ச் சேர்ந்தார். அப்போது என் மகள் பிறக்கவே இல்லை.

"அண்ணன் அடிக்கடி வெளியூர் போயிடுவார் சார்" என்று சமாளித்தேன்.

செவ்வாய்க்கிழமை அவர் அனுப்பிய பரிசோதகர் வந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பெயின்ட் எவ்வளவு கனம், டயர் எந்த வருஷம், பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்திருக்கிறதா... எல்லாம் சரி. அண்ணன் சேர்த்து வைத்த சர்வீஸ் ரசீதுகளும் சரி. மீட்டர் 9,958. எண்கள் உருண்டு மாறுகிற பழைய மீட்டர்.

பானெட்டில் கை வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"இப்பத்தான் ஓட்டினீங்களா?"

"இல்லையே."

"சூடா இருக்கு. டயர் வேற ஈரமா இருக்கு."

தகரக் கூரை, வெயில், அது இது என்று ஏதோ சொன்னேன். மழை பெய்து மாசக்கணக்கில் ஆகியிருந்தது.

மறுநாள் காலை, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஒரு வீடியோ கேட்டார் வாங்குபவர். எடுக்கப் போனேன். மீட்டர் 9,972. நேற்று நான்தான் தவறாகப் பார்த்தேனா? பரிசோதகர் எடுத்த படத்தைத் திறந்தேன். 9,958 தான். ஷெட் சாவி என் இடுப்பில். யார் எடுத்தது? வீடியோவுக்கு ஏதோ சாக்குச் சொன்னேன். அன்றே பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தேன்.

வியாழன் காலை. 9,986.

பதினாலு பதினாலாக ஏறியிருக்கிறது. போக ஏழு, வர ஏழு. இன்னொரு தடவை ஏறினால் சரியாகப் பத்தாயிரம். வாங்குபவர் வெள்ளிக்கிழமை காலையில் வருகிறார்.

காரை ஜாக்கி வைத்துத் தூக்கினேன். நாலு ஸ்டாண்டுகளில் உட்கார வைத்தேன். நாலு சக்கரங்களையும் கழற்றிச் சுவரோரம் சாய்த்தேன். இனி எப்படி ஓடுவாய், பார்க்கலாம். மனைவியை மருத்துவமனையில் மகளோடு விட்டுவிட்டு, டார்ச்சும் ஒரு ஸ்டூலுமாக ஷெட்டில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வண்டியை விட்டால் என் குழந்தைக்கு வேறு நாதியில்லை.

ஏழு மணி. ஒன்றுமில்லை.

ஏழரை. ஒன்றுமில்லை. என்னை நானே திட்டிக்கொண்டேன்.

ஏழு நாற்பது. கூரைமேல் மழைச் சத்தம். சடசடவென்று...

கதவைத் திறந்து பார்த்தேன். வானத்தில் நட்சத்திரம். தரை காய்ந்து கிடந்தது. கதவை மூடினேன். உள்ளே மழை.

டக்.

கார்க் கதவு சாத்திய சத்தம். டார்ச்சை அடித்தேன். ஓட்டுநர் சீட் மெதுவாக அமுங்கியது... எழும்பவே இல்லை.

பேட்டரி இல்லாத காரில் வைப்பர் அசைந்தது. காய்ந்த கண்ணாடியில்... கிரீச்... கிரீச்...

ஜன்னல் வழியாக மீட்டரைப் பார்த்தேன். கடைசி எண் உருண்டது.

87.

கைப்பிடியை இழுத்தேன். உள்ளே பூட்டியிருந்தது.

88... 89...

"அண்ணா! நிறுத்துங்கண்ணா!"

90.

"இதை வித்தாத்தான் பாப்பாவுக்கு ஆபரேஷன்! அண்ணியைத்தான் விட்டுட்டீங்க... இவளையாவது விட்டுடாதீங்க!"

91... 92...

கண்ணாடியில் அறைந்தேன். அழுதேன். வெட்கமே இல்லாமல் கதறினேன்.

93.

நின்றது.

மழையும் நின்றது.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க... பாப்பா கண்ணு முழிச்சுட்டா."

"என்ன சொல்றா?"

"பெரியப்பா வந்திருக்காங்கன்னு சொல்றா. இங்க யாருமே இல்லைங்க. ஆனா... கட்டிலுக்குப் பக்கத்துல தரையெல்லாம் ஈரம்."

விடியும்வரை மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. 9,993. சக்கரங்களை மாட்டினேன். பேட்டரியை வைத்தேன். வாங்குபவர் வந்தார், ரசீதுகளைப் புரட்டினார், இன்ஜினைக் கேட்டார், தலையாட்டினார். பரிசோதகரின் படத்தைவிட மீட்டர் முப்பத்தைந்து அதிகம் காட்டியது. "ஓட்டிப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? வண்டி லாரியில் ஏறிப் போனது. திங்கட்கிழமை ஆபரேஷன் நடந்தது. என் குழந்தை பிழைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து டாக்ஸியில் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். நான் முன்னால், அவளும் அம்மாவும் பின்னால். அம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பக்கத்து சீட்டைக் காலியாக விட்டிருந்தாள். வீட்டு வாசலில் டாக்ஸிக்காரர் பின்கதவை மூடப் போனார்.

"இருங்க அங்கிள், இன்னும் இறங்கல" என்றாள்.

மருந்து மயக்கம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "இப்ப மூடுங்க" என்றாள்.

அன்று மாலை ஆறு பத்துக்கு வாங்கியவர் போன் செய்தார். குரல் சரியில்லை.

"சார், வண்டியை யாரும் தொடவே இல்ல. என் வீட்டுக் கூடத்துலதான் நிக்குது. காலையில துடைச்சப்ப 9,993. இப்பப் பார்த்தா... சரியா பத்தாயிரம். பானெட் கொதிக்குது. என்ன சார் இது?"

ஏழு. போன வழியில் திரும்பி வர ஏழு.

போனை வைத்தேன். திரும்பினேன். மகள் அறை வாசலில் தலையணையை அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அப்பா... பெரியப்பா எங்க படுப்பாங்க?"