பத்தரை மணி நேரமும் அரை மணி நேரமும்

சின்ன மகளின் பாஸ்போர்ட்டை ஒளித்து வைத்தது நான்தான். பீங்கான் பொம்மை வார்க்கும் அச்சுகளுக்கு அடியில் வைத்திருந்தேன். அவளுக்கு லண்டனில் நர்ஸ் வேலை. சென்னையிலிருந்து விமானத்தில் பத்தரை மணி நேரம்.

"அவ்ளோ தூரம் அனுப்பிட்டு, ஒண்ணுன்னா எப்படிம்மா ஓடுவ?" என்று என் கணவரின் அண்ணன் கேட்டதில் பயந்துவிட்டேன்.

அச்சு எடுக்கப் போனவள் பாஸ்போர்ட்டோடு வந்து நின்றாள். கத்தவில்லை.

"அக்காவ பக்கத்துல இருக்கட்டும்னுதான பெண்ணாடத்துல குடுத்தீங்க? பஸ்ஸுல அரை மணி நேரம். தலைப்பொங்கலுக்கு அப்புறம் ஒரு நாளாவது அவள நம்ம வூட்டுக்கு அனுப்பியிருக்காங்களாம்மா?"

களிமண் கையைத் துடைத்துக்கொண்டு, அவள் பெட்டியை எடுத்து வைத்தேன்.

அவளை விமானம் ஏற்றிவிட்ட மறுநாள் பெண்ணாடம் பஸ்ஸில் ஏறினேன். வாசலில் மறித்த சம்பந்தியிடம், "எம் பொண்ண கூட்டிட்டுப் போறேங்க. உங்கள கேக்க வரல, சொல்ல வந்தேன்" என்றேன்.

அந்த அரை மணி நேரத்தைக் கடக்க எனக்கு நான்கு வருடம் ஆகியிருக்கிறது.