நானே அச்சடித்த ஐந்து விதிகள்

ஆடி மாதம் முழுக்கப் பொய் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான். சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, செருப்புக்கடை நோட்டீஸ்களை வடிவமைப்பது என் வேலை. 'கடைசி மூன்று நாட்கள்' என்று சிவப்பில் போடுவேன். அது கடைசி இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அடுத்த வாரத்துக்கான 'மேலும் மூன்று நாட்கள்' நோட்டீஸையும் அன்றைக்கே முடித்துக் கொடுத்திருப்பேன். ஆனாலும் அந்த நோட்டீஸ் செய்தித்தாளுக்குள் மடிந்து என் வீட்டு வாசலில் வந்து விழுந்தால் எனக்கு நெஞ்சு படபடக்கும். மூன்று நாள்தானே இருக்கிறது, இன்றைக்கே போய்விட வேண்டாமா என்று செருப்பைத் தேடுவேன். என்னைப் போன்ற ஆட்களை நம்பித்தான் இந்த மாவட்டத்துக் கடைகள் விளக்குப் போட்டு வைத்திருக்கின்றன.

இப்படி வாங்கியவை எல்லாம் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தன. விருதுநகர் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் வாங்கிய சப்பாத்தி அழுத்தும் இயந்திரம். கால் பிடித்துவிடும் பெட்டி. தேங்காய் துருவும் மோட்டார், அது துருவியது ஒரே ஒரு மூடி. துண்டு காயப்போட மட்டும் பயன்பட்ட உடற்பயிற்சி சைக்கிள். போனில் ஆர்டர் போட்டு வரவழைத்த நைலான் கூடாரம் ஒன்றும் உண்டு. மழைக்கு ஏங்கும் சிவகாசியில், வெயிலுக்குப் பயந்து பகலில் தெருவைக் கடக்காத நான், எந்தக் காட்டில் போய்க் கூடாரம் அடிப்பதாக இருந்தேன் என்பதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. பாதிக்கு மேல் அட்டைப் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. வாங்குவதோடு என் ஆசை தீர்ந்துவிடும்.

அந்த அறையைத்தான் என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் கம்பெனி வேன் வரும், மாலை ஆறுக்குத் திரும்பும். யாராவது விசாரித்தால், 'வெடிமருந்து ரூமெல்லாம் இல்லை, பேக்கிங்தான்' என்று நான் முந்திக்கொண்டு சொல்வேன். அது எனக்கு நானே சொல்லிக்கொள்வது. செல்போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதால் பகலில் அவளோடு பேச முடியாது. எங்கேயாவது சத்தம் கேட்டால் அச்சகத்தில் எல்லோரும் மொட்டைமாடிக்கு ஓடிப் புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று பார்ப்போம். நமக்கு வேண்டிய திசை இல்லை என்று தெரிந்ததும் கீழே வந்து வேலையைத் தொடர்வோம். அப்படித் தொடர்வதில் எனக்கு வெட்கம் உண்டு, நிம்மதியும் உண்டு.

சாயங்காலங்களில் அவள் ஜாக்கெட் தைப்பாள். வேனில் உடன் வரும் பெண்களுக்குத்தான் முதலில் தைத்தாள், பிறகு அவர்கள் தெருக்காரர்களுக்கும். தையல் சுத்தம் என்று பெயர் வாங்கிவிட்டாள். ஆடி முடிந்த ஒரு நாள், துண்டு தொங்கும் சைக்கிள் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னாள்.

"இந்தத் தீபாவளி லோடு போனதும் நின்னுக்கிடுறேன். தீபாவளிக்கு நாப்பது ஜாக்கெட் ஒத்துக்கிட்டிருக்கேன். அதச் சொன்ன தேதிக்குக் குடுத்துட்டேன்னா, பெறகு நம்பி வருவாக. எனக்கு இந்த முன்ரூமும், மிஷினுக்கு ஒரு மோட்டாரும் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்."

பதினோரு வருடமாக வேன் ஏறுகிறவள் கேட்டது இவ்வளவுதான். அன்றைக்கே திருந்திவிடுவது என்று முடிவு செய்தேன். திருந்துவதிலும் என் தொழில்புத்தி விடவில்லை. மறுநாள் மத்தியானம், டைரி அட்டைக்கு வெட்டியது போக மிஞ்சிய வழவழப்பான அட்டையில் எனக்கான ஐந்து விதிகளை வடிவமைத்து அச்சடித்தேன். எதைப் பார்த்தாலும் மூன்று நாள் பொறுத்தே வாங்குவேன். நான் நோட்டீஸ் போட்டுக்கொடுத்த கடைக்குள் கால் வைக்க மாட்டேன். 'பின்னால் உதவும்' என்று எதையும் வாங்க மாட்டேன். சம்பள நாளன்று போனில் கடை பார்க்க மாட்டேன். ஒரு பொருள் உள்ளே வந்தால் ஒரு பொருள் வெளியே போகும்.

அச்சாகி வந்ததை மெஷின்மேன் கையில் எடுத்துப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, எந்தக் கடை இது? எம்புட்டு நாளைக்குத் தள்ளுபடி?"

வாங்கிப் பார்த்தேன். தலைப்பு சிவப்பில் இருந்தது. மூலையில் முள்முள்ளாக விரியும் மஞ்சள் நட்சத்திரம், அதற்குள் 'இன்றே!' என்ற எழுத்து. கீழே 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று பொடியாக ஒரு வரிகூட. கை பழக்கத்தில் தானாகப் போட்டிருக்கிறது. வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மனைவி ஒருமுறை படித்தாள். "நல்லா டிசைன் பண்ணிருக்கீக" என்று மட்டும் சொல்லி அடுப்படிக்குள் போனாள்.

பொடி எழுத்து வரிதான் முதலில் வேலை செய்யத் தொடங்கியது. மூன்று நாள் பொறுக்கும் விதியைக் கடைப்பிடிக்க, ஆசைப்பட்டதை எல்லாம் தேதியோடு எழுதிவைத்தேன். விதி இல்லாத காலத்தில் பாதியை மறந்துபோயிருப்பேன். இப்போது நாலாம் நாள் தவறாமல் நினைவுக்கு வந்தது. நோட்டீஸ் போட்ட கடைக்குப் போகக்கூடாது என்றதும் சிவகாசியில் எனக்குத் துவரம்பருப்பு வாங்கக்கூட இடமில்லாமல் போனது. அதனால் விருதுநகருக்குப் பஸ் ஏறினேன். பருப்பு வாங்கப் போனவன் மூன்று பையோடு திரும்பினேன். சம்பள நாளன்று போனைத் தொடவே இல்லை. முந்தைய நாளே பார்த்து முடித்திருந்தேன். இவ்வளவுக்கும் நடுவில், விதிப்படி வாழ்கிற மனிதன் என்று எனக்குள் ஒரு மிதப்பு வேறு ஏறியிருந்தது.

புரட்டாசியில் ஒரு கருவி வாங்கினேன். தொங்கவிட்ட துணியை நின்றபடியே ஆவியில் தேய்ப்பது. மனைவியின் தையலுக்கு உதவும் என்று காரணமும் வைத்திருந்தேன். மூன்று நாள் பொறுத்தாயிற்று. ஒன்று உள்ளே வந்துவிட்டது, ஒன்று வெளியே போக வேண்டும்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தியிருந்த நாள் அது. அச்சகம் ஓடவில்லை, நான் மட்டும் வீட்டில். முன்னறையில் நின்று ஒவ்வொரு பொருளாகப் பார்த்தேன். சப்பாத்தி இயந்திரத்துக்கு இன்னும் ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று தோன்றியது. சைக்கிள் போனால் துண்டை எங்கே போடுவது? கூடாரத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. இப்படியே அண்ணாந்தபோது, பரணில் துணிக் கிழிசலால் கட்டிய ஒரு வேஸ்ட் ஷீட் கட்டு கண்ணில் பட்டது.

வேஸ்ட் ஷீட் இல்லாத வீடு எங்கள் ஊரில் கிடையாது. அச்சில் நிறம் விலகிய காலண்டர் தாள்கள், நீலம் மட்டும் விழுந்த பிள்ளையார், இரண்டு மூக்குள்ள லட்சுமி. அலமாரியில் விரிக்க, நோட்டுக்கு அட்டை போட, கடலை பொதிய என்று எல்லாவற்றுக்கும் அதுதான். நானே வாரம் ஒரு கட்டு கொண்டுவருகிறவன். கட்டின் மேலே நீலப் பிள்ளையார் தெரிந்தார். பிரித்துப் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்துத் தெருவில் பழைய பேப்பர்க்காரர் குரல் கேட்டது. கூப்பிட்டு, தூக்கிக் கொடுத்துவிட்டேன். என் விதிகளில் ஒன்றை முழுதாக, ஓட்டை எதுவும் தேடாமல் நிறைவேற்றியது அன்றைக்குத்தான். அந்தச் சந்தோஷத்தில் டீ போட்டுக் குடித்தேன்.

ஆறு மணிக்கு அவள் வந்தாள். கைகால் கழுவிவிட்டு ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணைத் துழாவினாள்.

"இங்கன ஒரு கட்டு இருந்துச்சே?"

"வேஸ்ட் ஷீட்டுதான? போட்டாச்சு. அஞ்சாவது விதி" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவள் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. அதன் மேலேயே மெதுவாக உட்கார்ந்தாள்.

"அது வேஸ்ட் ஷீட்டு இல்ல. அளவு."

நாற்பது பெண்களின் அளவு. அளவு ஜாக்கெட் என்று ஒன்றைத் தையல்காரியிடம் கொடுத்துவைக்க அவர்களிடம் உபரியாக ஜாக்கெட் கிடையாது. பொருந்துவது ஒன்றோ இரண்டோதான், அதைத்தான் வேலைக்கும் போட்டு வருவார்கள். அதனால் இவள் ஒவ்வொருத்தியையும் வேன் நிற்கும் இடத்தில், கல்யாண வீட்டில், கோயில் வாசலில் என்று கிடைத்த இடத்தில் அளந்து, முன்பக்கம், முதுகு, கை, பட்டி என்று தாளில் வெட்டிப் பெயர் எழுதிச் சேர்த்திருக்கிறாள். அந்தத் தாளைத் துணிமேல் வைத்து வெட்டினால் போதும். நான் கொண்டுவந்த வேஸ்ட் ஷீட்டுகளில்தான் வெட்டியிருக்கிறாள். இரண்டு வருட வேலை. எனக்கு அது தெரியாது. என் பக்கத்தில் உட்கார்ந்துதான் வெட்டியிருக்கிறாள், நான் போனில் கடை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பழைய பேப்பர்க் கடைக்கு ஓடினேன். கூரை முட்டக் காலண்டர் தாள் குவிந்து கிடந்தது.

"மத்தியானமே மில்லுக்கு லோடு போயிருச்சு" என்றார் கடைக்காரர். "என்ன அண்ணாச்சி, பத்திரம் கித்திரம் எதுவும் இருந்துச்சா?"

"ஜாக்கெட் அளவு" என்றேன். அவர் சிரித்தார். நியாயமான சிரிப்புதான், ஆனாலும் அவரை அடிக்கலாம்போல இருந்தது.

வெறுங்கையோடு திரும்பிய என்னிடம் அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "நீங்க விதி இல்லாம இருந்தப்ப காசு மட்டுந்தான் போச்சு" என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டாள்.

மறுநாளிலிருந்து டேப்பைப் பையில் வைத்துக்கொண்டு வேன் ஏறினாள். போகும்போதும் வரும்போதும், சாப்பாட்டு நேரத்திலும் அளந்தாள். வேன் குலுங்கியதில் சில அளவுகள் தப்பின, பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. நான் இரண்டே நாளில் முன்னறையைக் காலி செய்தேன். கேட்டவர்களுக்குக் கொடுத்தேன், கேட்காதவர்களுக்கும் கொடுத்தேன். கூடாரத்தை மெஷின்மேன் வடகம் காயப்போட எடுத்துக்கொண்டார். ஆவித் தேய்ப்பானை விற்று மிஷினுக்கு மோட்டார் வாங்கினேன். ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டக் கற்றுக்கொண்டேன். நான் கட்டிய கொக்கிகளை அவள் எனக்குத் தெரியாமல் பிரித்து மறுபடி கட்டினாள், எனக்குத் தெரிந்தது.

தீபாவளிக்கு முந்தைய நாள்வரை முப்பத்தொன்று முடிந்தது. ஒன்பது பேர் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். "பரவால்லக்கா, ரெடிமேடு எடுத்துக்கிடுறேன்" என்றாள் கடைசியாக வந்தவள். அவள் முகத்தில் கோபமே இல்லை. நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன்.

தீபாவளி கழிந்து மூடிய கம்பெனி திரும்பத் திறந்தபோது, "போக வேண்டாம்" என்றேன். அறை இருக்கிறது, மோட்டார் இருக்கிறது என்றேன்.

"ஒம்பது பேருக்குச் சொன்ன தேதிக்குக் குடுக்க முடியல. அவுக ஒம்பது தெருவுல சொல்லுவாக. இத நம்பி எப்படி வேலைய விட? இன்னும் ஒரு சீசன் போயிட்டு வாரேன்" என்றாள்.

எவ்வளவோ பேசிப் பார்த்தேன். கடைகளுக்கு எழுதிக்கொடுக்கும்போது கொட்டுகிற வார்த்தை எதுவும் அவளிடம் செல்லவில்லை.

இன்று காலையும் தெருமுனைவரை கூடப் போனேன். அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, குனிந்து என்னைப் பார்த்தாள்.

"நான் வாரவரைக்கும் எதையும் வாங்காதீக" என்றவள், கொஞ்சம் யோசித்து, "எதையும் தூக்கிப் போடவும் செய்யாதீக" என்றாள். வேனில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேன் திருப்பத்தில் மறைந்தது. அது அவளோடு திரும்பி வருவதைத் தவிர, ஆறு மணிவரை எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.