ஒரு ரவைத் துவக்கு

போன கிழமை தமிழ்க் கடையில் வாங்கிய கதலிப்பழச் சீப்பை மறந்துபோய் மூன்று நாள் குசினி மூலையில் வைத்துவிட்டேன். வெளியே போய் வந்து கதவைத் திறந்ததும் கனிந்த பழத்தின் மணம் முகத்தில் அடித்தது. வேறு யாருக்காவது பஞ்சாமிர்தம் நினைவுக்கு வந்திருக்கும். எனக்கு வந்தது துவக்கு. சுடுகிற துவக்குத்தான், சிரிக்காதீர்கள். துவக்குக் குழாயைத் துடைப்பதற்கென்று சின்னப் போத்தலில் ஒரு திரவம் விற்பார்கள். அதற்கு அசல் வாழைப்பழ மணம். தொண்ணூறுகளின் நடுவில், மல்வேர்னில் நாங்கள் இருந்த ஏழாம் மாடி வீட்டில், ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் அந்த மணம்தான் நிற்கும். அதற்கு மேலால் நான் மீன்குழம்பு வைப்பேன். இரண்டும் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்று சொல்லி உங்கள் சாப்பாட்டைக் கெடுக்க விரும்பவில்லை.

நான் கனடாவுக்கு வந்தது கலியாணம் முடிக்க. இவரைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். படத்தில் மீசை இருந்தது. விமான நிலையத்தில் நின்றவருக்கு மீசை இல்லை. யாரோ இன்னொருத்தியின் மாப்பிள்ளை என்று நினைத்து அவரைத் தாண்டி நடந்துபோய்விட்டேன். பாவம், கையில் பூச்செண்டோடு பின்னால் ஓடி வந்தார்.

பெயர் சிவநேசன். கார்க் கதவுகளுக்கு ரப்பர் விளிம்பு செய்கிற தொழிற்சாலை ஒன்றில் வேலை. அங்கே எல்லோருக்கும் அவர் 'நெஸ்'. பேச்சும் கதையும் குறைவு. தேத்தண்ணி கொண்டுவந்து தரும்போது மட்டும் கோப்பையும் தட்டும் சேர்ந்து கிணுகிணுக்கும். வலது கையில் ஒரு நடுக்கம். கொழும்பில் இவரைப் பிடித்து அடைத்து வைத்திருந்து விட்ட பிறகு வந்தது என்று மச்சாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. கலியாணம் முடிந்து ஐந்தாறு மாதமாகியும், ஒரே வீட்டில் அறை எடுத்த இரண்டு வாடகைக்காரரைப் போல, அளவுக்கு மீறிய மரியாதையோடு இருந்தோம். நீங்கள் முதலில் குளியுங்கோ என்று நான் சொல்வேன். இல்லை, நீர் போம் என்று அவர் சொல்வார். கடைசியில் இரண்டு பேருக்கும் வேலைக்குப் பிந்திவிடும்.

அப்படியான மனிதர் ஒரு சனிக்கிழமை மத்தியானம், சோற்றைப் பார்த்தபடி, கம்பளம் வாங்குவதைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

"நான் ஒரு துவக்கு வாங்கலாம் எண்டு யோசிக்கிறன்."

நான் எழுந்துபோய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து சும்மா நின்றேன். அதற்குக் காரணம் இருக்கிறது. ஊரில் ஒருநாள் என் அண்ணாவைத் தேடி ஆட்கள் வந்தார்கள். கதவைத் திறந்தவள் நான். திறந்ததும் முகத்துக்கு நேரே ஒரு குழாய். வந்தவர்கள் யார் என்பதை விடுங்கள். யார் பிடித்திருந்தாலும் அந்த ஓட்டை ஒரே மாதிரித்தான் வட்டமாக இருக்கும். அண்ணா தப்பி ஜேர்மனிக்குப் போய், இன்றைக்குப் பேரப்பிள்ளையும் கண்டுவிட்டார். ஆனால் வந்த புதிதில் மல்வேர்ன் வீட்டில் யாராவது கதவைத் தட்டினால், கதவில் இருக்கிற கண்ணாடித் துளைக்குள்ளால் பார்க்கவும் எனக்குப் பயம். அதுவும் வட்டம்தானே.

அவர் என் பின்னால் வந்து நின்று விளக்கம் சொன்னார். இது ஆளையோ மிருகத்தையோ சுடுவதற்கு இல்லையாம். கடதாசியைச் சுடுவதற்காம். மேசையில் மண்மூட்டை வைத்து, அதன்மேல் துவக்கைக் கிடத்தி, கதிரையில் இருந்து சுடுவார்களாம். ஐம்பது யார் தூரத்தில் ஒரு கடதாசி, அதில் பொட்டு. சுடுகிற ஐந்து ரவையும் ஒரே துளையால் போனால் வெற்றி. தொழிற்சாலையில் டொனா என்றொருவர் இருக்கிறார், அவர்தான் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினவர் என்றும் சொன்னார்.

டொனா யார் என்ற கேள்வி எனக்குத் துவக்கைவிடப் பெரிதாகப் பட்டது. அடுத்த ஞாயிறு நானும் வாறன் என்றேன்.

டொனா நியூஃபவுண்ட்லாந்துப் பெண். நாற்பது வயதிருக்கும், சிவந்த முகம், தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அவருடைய ஆங்கிலத்துக்கும் என்னுடைய ஆங்கிலத்துக்கும் பொதுவான சொற்கள் மிகக் குறைவு. அதனாலேயே முதல் நாளிலிருந்து நன்றாக ஒத்துப்போனோம். அவருடைய பிக்கப் ட்ரக்கில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு வடக்கே போனோம். இரண்டு பக்கமும் சோளத் தோட்டம். நடுவில் துவக்குச் சுடும் சங்கத்தின் நிலம். தகரக் கூரை, வரிசையாகச் சீமெந்து மேசைகள், எதிரே கடதாசி குத்திய சட்டங்கள், அவற்றுக்குப் பின்னால் உயரமான மண்மேடு.

காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தேன். வந்தது காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம். ஒன்று முடிந்து மற்றது வர ஒரு நிமிடம் ஆகும். இடையில் ஆட்கள் கோப்பி குடித்தார்கள், மனைவியின் முழங்கால் வலியைப் பற்றிக் கதைத்தார்கள். இவ்வளவு சோம்பலான துவக்குகளை நான் கண்டதில்லை. மேசைக்கும் சட்டத்துக்கும் நடுவில் சின்னத் தடிகளில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். காற்று எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்ப்பதற்காம்.

இவர் டொனாவின் துவக்கோடு இருந்தார். முழுப் பாரமும் மூட்டையில். அவர் தொட்டது இரண்டு விரலால்தான். நான் கடதாசியைப் பார்க்கவில்லை, அவருடைய வலது கையைப் பார்த்தேன். ஒரு சுற்று முடிந்தது, அடுத்த சுற்றும் முடிந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு, சப்பாத்தைக் கழற்றும்போதுதான் சொன்னேன்.

"இண்டைக்கு உங்கட கை நடுங்கேல்லை."

அவர் மற்றச் சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தார். "அந்த மேசையில இருக்கேக்க நடுங்கிறேல்லை. ஏனெண்டு எனக்கும் தெரியாது. உமக்குப் பயமெண்டால் வேண்டாம், விடுவம்."

ஐந்தாறு மாதத்தில் அவர் என்னோடு பேசிய ஆக நீளமான பேச்சு அதுதான். கடைக்குப் போய்ப் பார்ப்போம், பார்ப்பதற்குக் காசில்லைத்தானே என்றேன்.

கடை கிங்ஸ்ரன் வீதியில் ஒரு பிளாசாவில் இருந்தது. சுவரெல்லாம் பாடம் செய்த மீன்கள். முதலாளி மெலிந்த மனிதர், அவசரமே இல்லாதவர். டொனா தன் சாப்பாட்டுப் பையின் பின்புறத்தில் எழுதிக் கொண்டுவந்திருந்தார்: குழாய் தடிப்பாக இருக்கவேண்டும், விசை மெல்லத் தொட விழவேண்டும், மூட்டையில் ஆடாமல் இருக்க அடிப்பக்கம் தட்டையாக இருக்கவேண்டும். இருக்கிற காசில் பாதியைத் தூரக்கண்ணாடிக்கும் ரவைக்கும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்குத்தான் துவக்கு பார்க்கவேண்டும் என்பது அவருடைய கட்டளை. முதல் துவக்கு வாங்குகிறவர்கள் எல்லாக் காசையும் துவக்கிலேயே போட்டுவிட்டுப் பிறகு வெறும் மேசையில் இருப்பார்களாம்.

முதலில் எடுத்துத் தந்தது புதுசு. விலை மலிவு, பாரமில்லை, கறுப்பு மினுக்கம். விசையை அழுத்த அழுத்தத் தன்பாட்டில் அடுத்த ரவை ஏறும். இவருடைய கண் அதில்தான் நின்றது. தகரப்பேணி சுடுவதற்கு நல்லது என்று டொனா உதட்டைப் பிதுக்கினார். அடுத்தது வெளிநாட்டுப் பந்தயத் துவக்கு. விலைத்துண்டைப் பார்த்ததும் இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மூன்றாவதைக் கேட்காமலே முதலாளி உள்ளேயிருந்து கொண்டுவந்தார். பழசு. ஒரு காலத்தில் ஏதோ பள்ளிக்கூடத்து மாணவர் படையிடம் இருந்ததாம். மரமெல்லாம் கீறல், அடியில் யாரோ இரண்டு எழுத்து வெட்டியிருந்தார்கள். தூக்கினால் உலக்கைப் பாரம். பார்க்கவும் உலக்கை மாதிரித்தான் இருந்தது.

இவர் முதலாவதையும் மூன்றாவதையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன சொல்லுறீர் என்று என் பக்கம் திரும்பினார். என்னிடம் ஒரு கேள்விதான் இருந்தது. வீட்டிலிருந்தே அதை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். இதற்குள்ளே எத்தனை ரவை போகும்? முதலாளி புதுசைக் காட்டிப் பத்து என்றார். பழசைக் காட்டி ஒரு விரலை உயர்த்தினார். ஒன்று வைத்து, மூடி, சுட்டு, திறந்து, வெடித்த ரவையின் வெறும் கோதை எடுத்த பிறகுதான் அடுத்தது.

"அப்ப இது" என்றேன்.

டொனா சிரித்துவிட்டு இவருடைய முதுகில் ஒன்று போட்டார். மேசையில் இருந்து சுடுவதற்கு ஒற்றை ரவைத் துவக்குத்தான் உறுதியாம். இந்தக் குழாய்த் தடிப்பு இந்த விலைக்கு வேறெங்கும் கிடைக்காதாம். எனக்கு அதொன்றும் தெரியாது. எங்கள் வீட்டுக்குள் ஒரு துவக்கு வரத்தான் போகிறதென்றால், ஒரு தடவை வெடித்த பிறகு யோசிப்பதற்கு நேரம் தருகிற துவக்காக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அனுமதிப் பத்திரம் வரும்வரை அது கடையிலேயே இவருடைய பெயர் எழுதிய துண்டோடு கிடந்தது. இவர் பாதுகாப்பு வகுப்புக்குப் போனார், சோதனை எழுதினார், விண்ணப்பம் கொடுத்தார். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, ரெலிபோன் அடித்தது. பொலிஸ். வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

பேசியது ஒரு பெண் அதிகாரி. ஒவ்வொரு சொல்லாக, ஆறுதலாகக் கேட்டார். வீட்டில் சண்டை உண்டா, கணவர் குடிப்பாரா, எப்போதாவது உங்களைப் பயப்படுத்தியிருக்கிறாரா. கடைசியாக, அவர் துவக்கு வாங்குவதில் உங்களுக்கு மறுப்பு இருக்கிறதா என்றார். மறுப்பு இருந்தால் சொல்லலாம் என்றும் சொன்னார்.

இருக்கு என்று ஒரு சொல் சொன்னால் அந்த உலக்கை கடையிலேயே கிடக்கும். அந்த வட்டம் என் வீட்டுக்குள் வராது. இருக்கிறீர்களா என்று அதிகாரி இரண்டு தடவை கேட்டார். நான் உடைந்த ஆங்கிலத்தில், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் சொன்னேன்: எங்கட ஊரில் எத்தனையோ பேர் துவக்கோடு வீட்டுக்குள் வந்திருக்கிறார்கள், ஒருத்தரும் வரலாமா என்று என்னைக் கேட்டதில்லை. பிறகு அவர் குரல் தாழ்ந்து, இப்போது நான் கேட்கிறேன் என்றார்.

"ஹீ இஸ் எ குட் மான்" என்றேன். "ஹீ கான் ஹாவ் இற்."

ரெலிபோனை வைத்த பிறகுதான் உறைத்தது. அந்த ஆளைப் பற்றி அப்படியொரு வார்த்தையை நான் யாருக்கும் சொன்னதில்லை, அம்மாவுக்கு எழுதிய கடிதத்திலும் எழுதவில்லை. முதன்முதல் சொன்னது முகம் தெரியாத ஒரு பொலிஸ்காரிக்கு, ஆங்கிலத்தில். கண்ணைத் துடைத்தால் விரலெல்லாம் வெங்காயம். அன்றைக்குப் பின்னேரம் இவர் வந்து ஏன் முகம் வீங்கியிருக்கு என்று கேட்டபோது பொலிஸ் ரெலிபோன் எடுத்தது என்றேன். அவர் கதிரையில் இருந்துவிட்டார். என்ன சொன்னனீர் என்று அவர் கேட்கவில்லை. அன்று தேத்தண்ணி இரண்டையும் அவரே போட்டார்.

துவக்கு வந்தது. அலுமாரிக்குள் பூட்டு, ரவைப் பெட்டிக்கு வேறு பூட்டு. இரண்டு சாவியையும் என்னிடம் தந்து, நீரே வைச்சிரும் என்றார்.

நீளப் பையோடு லிஃப்ட்டில் இறங்கும்போது எங்கள் மாடியில் இருந்த பொன்னையா அங்கிளிடம் அகப்பட்டோம். தூண்டில் என்று இவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும், தம்பி ஏதும் பிடிபட்டதோ என்று அங்கிள் கதவடியில் நிற்பார். மூன்றாம் கிழமை மனம் கேளாமல் கடையில் விளைமீன் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கனடாக் குளத்தில் எங்கட கடல் விளைமீன் இருக்கா என்று கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டார். மீன்குழம்பு எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சமையலானது அப்படித்தான்.

ரவை தெரிந்தெடுத்ததும் ஒரு கூத்து. அந்தச் சின்ன ரவை, அடி விளிம்பில் தட்டினால் வெடிக்கும். பயற்றங்காய்த் துண்டளவுதான் இருக்கும். ஒவ்வொரு துவக்குக்கும் ஒவ்வொரு ரவை பிடிக்குமாம், முன்கூட்டிச் சொல்ல ஏலாதாம். ஆறு வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்தோம். எங்கள் உலக்கை விலை கூடியதைக் கடதாசி முழுக்கச் சிதறவிட்டது. மலிவில் இரண்டாவதை ஒரு சதக் காசளவு வட்டத்துக்குள் அடக்கியது. சாதகம் எல்லாம் பொருந்தின மாப்பிள்ளையை விட்டுவிட்டு வேறெங்கோ மனம் வைத்த பெட்டையைப் போல.

நான் சுட்டதில்லை. டொனா எத்தனையோ தரம் கேட்டும் நான் மாட்டேன் என்றுவிட்டேன். பக்கத்தில் இருந்து ரிப்பனைப் பார்ப்பது என் வேலை. ரிப்பன் தொங்கி அசையாமல் நிற்கிற நேரம், மெல்ல "இப்ப" என்பேன். அவர் விரலை வைப்பார். பேசத் தெரியாத இரண்டு பேருக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச வந்தது. கொழும்பில் நடந்ததை அவர் சொன்னது அப்படியொரு ஞாயிற்றுக்கிழமைதான். அதை இங்கே எழுதமாட்டேன்.

மகள் தவழத் தொடங்கிய மாதம் அவராகவே துவக்கை டொனாவுக்குக் கொடுத்தார். நான் கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் டொனா தாயைப் பார்க்க வேண்டுமென்று ஊரோடு போய்விட்டார். சில வருடம் டிசம்பரில் நத்தார் வாழ்த்து வந்தது, பிறகு நின்றுவிட்டது. கடை இருந்த பிளாசாவை இடித்துவிட்டார்கள். பொன்னையா அங்கிளும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மூன்று வருடத்துக்கு முன், இவரோடு வேலை செய்கிற தம்பி ஒருவரின் புது வீட்டுக் குடிபூரலுக்குப் போயிருந்தோம். வடக்கே புதிதாகக் கட்டிய வீடுகள். ஒரே முகம், ஒரே கூரை. சோளத் தோட்டங்கள் இருந்த தடமே இல்லை. ஹோமப் புகைக்கு ஒதுங்கிப் பின்வளவுக்குப் போன இவர் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால், புல்லில் நின்று தூரத்துப் பாலத்தையும் தேவாலயக் கோபுரத்தையும் வைத்து இடம் மட்டுக்கட்டிக்கொண்டிருக்கிறார்.

"மேசையள் இதில. மண்மேடு அந்த நீல வீட்டடியில" என்று என் காதடியில் சொன்னார்.

எனக்கு நம்ப முடியவில்லை. நிலம் கோப்பைத் தட்டுப்போலச் சமமாக இருந்தது. மண்ணையும் அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். வீட்டுக்காரத் தம்பி பட்டு வேட்டியோடு வெளியே வந்து, என்ன அண்ணை பாக்கிறியள் என்று கேட்டார்.

"ஒண்டுமில்லை தம்பி. நல்ல காணி."

தம்பிக்கு முகமெல்லாம் சந்தோஷம். வாழையிலை போட்டாச்சு, வாங்கோ என்றார். புது வீடு புகுந்தவர்களிடம் முதல் நாளே துவக்குக் கதை சொல்வது முறையில்லை. நாங்கள் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போனோம்.