தும்மலுக்கு மன்னிப்பு

அறுபதுகளில் உத்திரமேரூர்ப் பக்கம், மூன்று புறமும் ஏரித் தண்ணீர் சூழ்ந்த ஒரு காட்டுத் திட்டுக்குப் பறவை பார்க்கப் போயிருந்தேன். அங்கிருந்த காவல்காரர் நெட்டையானவர். காக்கிச் சட்டை முழுக்கப் பறவை எச்சம். எதையும் கிசுகிசுப்பாகத்தான் பேசுவார்.

"அந்தக் கறுப்புப் பறவை பேர் என்ன?" என்றேன்.

"நான் கேக்கல சார். அதுவும் என் பேரைக் கேக்கல."

அந்த நேரம் பார்த்து எனக்குப் பெரிய தும்மல் ஒன்று வந்தது. மரங்களிலிருந்த பறவைகள் அத்தனையும் எழுந்து பறந்தன. கூடுகளில் குஞ்சுகள் வெயில் தாங்காமல் கத்தின. அவர் என்னைத் திட்டவில்லை. வானத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"பட்டணத்து ஆளு, தெரியாம தும்மிட்டாரு. புள்ளைங்க கத்திக்கினு கீதுங்க. வந்து குந்துங்க," என்று அதே கிசுகிசுப்பில் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. குஞ்சுகளுக்காகத்தான் வந்திருக்கும் என்று அறிவு சொல்கிறது. ஆனாலும் கடைசிப் பறவை உட்காரும்வரை நானும் கும்பிட்டபடியே நின்றேன்.