கைக்குள் ஓடும் இரைச்சல்

நோயாளிகளின் கதைகளை அவர்கள் குரலிலேயே பதிவுசெய்து எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் இணையத்தளத்தில் சேர்க்கும் திட்டத்துக்கு நான் இணைப்பாளர். மல்லாவியில் பதிவுக்கு ஒரு அம்மா வந்தார். முகம் வீங்கி, கைகால் மெலிந்திருந்தார். பேச்சின் நடுவே இடது மணிக்கட்டைக் காதில் வைத்துக் கேட்பார். டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்த இடம் அது. அங்கே இரத்தம் ஓடும் இரைச்சல் நின்றால் அவரை டயாலிசிஸ் இயந்திரத்தில் ஏற்ற முடியாது.

கதை முடிந்ததும் மணிக்கட்டை ஒலிவாங்கியில் வைத்தார்.

"இதையும் பதியுங்கோ தம்பி. நேற்றுத்தொட்டு சத்தம் குறையுது. டொக்டர்மார் கேப்பினம்தானே?"

"இது நூலகத்துக்கு அம்மா. படிக்கிற பிள்ளையள்தான் கேப்பினம். நீங்கள் இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ."

"அங்கயிருந்துதான் வாறன். கிளினிக் நாளில வரட்டாம்."

பஸ் வந்தது, போய்விட்டார். எனக்குத் தெரிந்த வைத்தியர் ஒருவர் மாலையில்தான் என் அழைப்பை எடுத்தார். உடனே அனுப்பு என்றார். யாரை அனுப்புவது? பேசுபவரின் பெயரையோ ஊரையோ நாங்கள் கேட்பதில்லை. அவர்களின் பாதுகாப்புக்காம்.

பிறகொரு நாள் பதிவின் ஒலியைத் துப்புரவாக்கிய பிள்ளை கேட்டாள்:

"முடிவில ஒரே இரைச்சலாக் கிடக்கு சேர். வெட்டி விடட்டோ?"

வேண்டாம் என்றேன். அவர் சொன்ன கதையைத் தவிர, அவரைப் பற்றி என்னிடம் இருப்பது அது மட்டும்தான்.