கொசுவலைச் சட்டமும் நாலாவது மூலையும்

ஐம்பதுகளின் கடைசியில், ஓசூரில் ஏரியை ஒட்டிய தெருவில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுவது என் தொழில். எப்படி எரிந்துபோன மோட்டாராக இருந்தாலும் ஓட வைத்துவிடுவேன் என்று ராயக்கோட்டை வரைக்கும் எனக்குப் பெயர். அந்தப் பெயர் தலைக்கும் ஏறியிருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

என் மனைவி அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. முதல் குழந்தை. ஏரிக்கரையில் கொசுவுக்குக் கேட்கவா வேண்டும்? அதற்கு முந்தைய மழைக்காலத்தில் இரண்டு முறை மலேரியாவில் விழுந்து எழுந்தவள் அவள். ஆஸ்பத்திரி நர்ஸம்மா என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

"இன்னொருவாட்டி அந்தக் காய்ச்சல் வந்தா தாய்க்கும் ஆகாது, புள்ளைக்கும் ஆகாது. மழை புடிக்கறதுக்குள்ள சன்னலுக்கெல்லாம் வலை போட்டுடுப்பா."

தச்சர்களைத் தேடினேன். எல்லோரும் எங்கெங்கோ கட்டட வேலைக்குப் போயிருந்தார்கள். சரி, நாமே செய்துகொள்வோம் என்று இறங்கிவிட்டேன். பெங்களூரில் ஒரு பங்களாவுக்கு மோட்டார் மாட்டப் போனபோது அங்கே கம்பி வலை போட்ட சட்டங்களைப் பார்த்திருந்தேன். மூலைகளில் இரண்டு கட்டையையும் சாய்வாக வெட்டி, ஒட்டுத் தெரியாமல் சேர்த்திருந்தார்கள். அதே மாதிரி செய்ய ஆசை.

என்னிடம் அரைக் குதிரைச் சக்தி மோட்டார் ஒன்று சும்மா கிடந்தது. பழைய இரும்புக் கடையில் ஒரு சின்ன வட்ட ரம்பம் வாங்கினேன். கொல்லைப்புறத்தில் ஒரு பழைய மேஜைப் பலகையில் பிளவு போட்டு, ரம்பம் பாதி மேலே தெரியும்படி பொருத்தி, பெல்ட் மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் அது பாடிய பாட்டைக் கேட்க வேண்டுமே, பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சாய்வாக வெட்ட, மேஜைமேல் நகரும் ஒரு பலகையில் ஒரு கட்டையைக் குறுக்காக ஆணியடித்து வைத்தேன். சட்டத்துக்கு வாங்கிய ரீப்பர் என்கிற மெல்லிய நீள மரத்தை அந்தக் கட்டையோடு ஒட்டிவைத்துப் பலகையைத் தள்ளினால் சாய்வு வந்துவிடும். அளவெல்லாம் பார்க்கவில்லை. கண்ணாலேயே பார்த்து அடித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் சட்டத்துக்கு நாலு துண்டு வெட்டித் தரையில் வைத்துச் சேர்த்தேன். மூன்று மூலை கச்சிதம். நாலாவது மூலை மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. என் சுண்டுவிரல் நுழையும். கொசு குடும்பத்தோடு வரலாம்.

ரீப்பர் கோணல் என்று மரத்தின்மேல் பழி போட்டேன். அந்த மூலையில் கொஞ்சம் சீவினால் சரியாகிவிடும் என்று குட்டையான துண்டை எடுத்து, குறுக்குக் கட்டையில் ஒட்டாமல் வெறும் கையாலேயே பிடித்து ரம்பத்தில் கொடுத்தேன். டக்கென்று ஒரு சத்தம். கையிலிருந்த துண்டைக் காணோம். என் விலாவை உரசிக்கொண்டு அது பின்னால் பறந்து போயிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். காபிக்குக் கூப்பிட வந்த என் மனைவி பின்வாசலில் நின்றிருந்தாள். துண்டு நிலைக்காலில் அடித்து, அவள் காலடியில் கிடந்தது. நிலையில் அது பட்ட காயத்துக்கும் அவள் வயிற்றுக்கும் ஒரு சாண் தூரம் இருக்கும். அவ்வளவுதான்.

அவள் நேராக வந்து சுவிட்சை அணைத்தாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் எதிரில் மெதுவாக உட்கார்ந்து, அந்த நாலு துண்டையும் சேர்த்துவைத்துப் பார்த்தாள். அவள் ஊரான சிங்காரப்பேட்டையில் தையல் கற்றவள், தெருவில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவள்.

"அந்த மூலையில மட்டும் இல்லீங்க தப்பு. நாலுலயும் தப்பு இருக்குது."

"மத்த மூணும் சரியாத்தான இருக்குது?"

"நீங்க அழுத்திச் சேத்து வெச்சதால அப்படித் தெரியுது. ஒவ்வொண்ணுலயும் துளித்துளி கொறையுது, எல்லாம் கடைசில வந்து நிக்குது. ரவிக்கைக்கி துணிய சாய்வா கிராஸ் வெட்டறப்ப நானும் இப்படி ஏமாந்திருக்கன்."

உள்ளே போய் ஒரு பழுப்புக் காகிதம் எடுத்து வந்தாள். அதன் ஓரத்தை நம்பவில்லை. ஒரு மடிப்பு மடித்தாள். அந்த மடிப்பின்மேலேயே மடிப்பு சரியாக விழும்படி இன்னொரு முறை மடித்தாள். மூலை சுத்தமாகச் சதுரமாக வந்தது. அந்த மூலையைச் சரிபாதியாக மூன்றாம் முறை மடித்து என் கையில் கொடுத்தாள்.

"இதான் பாதி. இத வெச்சு அடிங்க."

காகிதத்தை ரம்பத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் ஆணியடித்த கட்டை நெல் பருமன் விலகியிருந்தது. மோட்டார் விஷயத்தில் நூல் பிசகாமல் பார்க்கிற நான், மரம்தானே என்று அலட்சியமாக இருந்திருக்கிறேன். ஆணியைப் பிடுங்கிக் கட்டையைத் திருப்பி அடித்தேன். எதிரெதிர்த் துண்டுகள் ஒரே நீளம் வர, முனை முட்டி நிற்க ஒரு தடுப்பும் வைத்தேன். சின்னத் துண்டுகளைக் கையால் பிடிக்காமல், மரப்பிடி செய்து அழுத்திக்கொண்டேன். ரம்பத்துக்கு நேர் எதிரே நிற்பதை விட்டு ஓரமாக நின்றேன். அவளோ சுவிட்சைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். சமையல்கட்டிலிருந்து முக்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்; நான் தலையசைத்தால் போடுவாள், வெட்டு முடிந்ததும் அணைப்பாள்.

இரண்டாவது சட்டத்தைச் சேர்த்தபோது நாலு மூலைகளும் மூடிக்கொண்டன. அவள் தையல் ஊசியை ஒவ்வொரு மூலையிலும் நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. ஐந்து சன்னலுக்கும் சட்டம் செய்து கம்பி வலை அடித்து அடுத்த இரண்டு ஞாயிறுகளில் முடித்தோம். மழை வந்தது, ஏரி நிரம்பியது, கொசுவும் வந்தது. காய்ச்சல் மட்டும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தை மாதம் பெண் குழந்தை, தாயும் சேயும் சுகம். பிள்ளையைப் பார்க்க வந்த எதிர் வீட்டு அம்மாள், தன் வீட்டுக்கும் வலை போட்டுத் தரும்படி தெலுங்கில் கேட்டார். கேட்டது என்னை அல்ல, என் மனைவியைத்தான். நாங்கள் இருவருமாக அந்தத் தெருவில் ஏழு வீட்டுக்குச் செய்தோம். ஒன்றில்கூட மூலை திறக்கவில்லை.

எனக்கு வேலையில் நம்பிக்கை குறையவில்லை, இன்றும் குறையவில்லை. ஆனால் தவறு எங்கே கண்ணுக்குத் தெரிகிறதோ அங்கேயே அவசரமாகக் கைவைக்கிற புத்தி அந்த ஞாயிற்றுக்கிழமையோடு போய்விட்டது. எது பிசகினாலும் முதலில் நிறுத்திவிட்டு, என்னைவிட நன்றாகப் பார்க்கத் தெரிந்தவர் என் வீட்டிலேயே இருக்கிறாரா என்று திரும்பிப் பார்க்கிறேன்.